பன்னிரண்டு ஆண்டுப் பசை

கொட்டியாரக் குடாவை ஒட்டிய ஊர்களில் சுவருக்கு இரண்டு பருவம்தான். மாரியில் குடிக்கும், கச்சானில் கக்கும். மூதூரில் கரையோரமாக நிற்கும் ஏதாவதொரு பழைய சுவரை ஆடி வெயிலில் உள்ளங்கையால் தடவினால் வெள்ளை வெளேரென்று ஒரு தூள் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு என்று தோன்றும். நாக்கு நுனியில் வைத்தால் கரிக்கும்.

இந்த உப்புக்கு ஒரு கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் கடலுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். கரைந்த உப்பு சுவருக்குள் ஊர்ந்து திரியும். படிகமாகும்போது அதற்கு இடம் வேண்டும். சுவரின் நுண்துளைகளில் அவ்வளவு இடம் இல்லை. ஆகவே உடைத்துக்கொண்டு இடம் பிடிக்கும். வாடைக்கும் கச்சானுக்கும் இடையில் மட்டுமல்ல, ஓர் இரவுக்கும் அடுத்த நடுப்பகலுக்கும் இடையிலும் இது நடக்கும். வெறும் சுவரென்றால் பூச்சு கழன்று விழும், மேசனை அழைத்துத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். அந்தப் பூச்சின் மேல் எப்போதோ ஒருவர் எழுதிய முகம் இருந்தால் என்ன செய்வது?

நமக்குக் கிட்டிய பெரும் சுவரோவியங்கள் கந்தளாயும் ஹபரணையும் தாண்டி, சிகிரியாவிலும் தம்புள்ளையிலும் இருக்கின்றன. கடற்காற்று அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் மழையும் பாறைக் கசிவும் குளவிக் கூடும் வௌவால் எச்சமும் அங்கே தங்கள் பங்கைச் செய்கின்றன. சிகிரியாவின் பெண்களைப் பார்க்கப் போகிறவர்கள் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள்: செங்காவி, மஞ்சட்காவி, பச்சை மண். எல்லாம் நிலத்திலிருந்து எடுத்தவை, வெயிலுக்கு அசையாதவை. காவிக்கு 1500 ஆண்டு ஒரு பொருட்டல்ல. பசை கலந்து எழுதிய சுவரோவியத்தில் முதலில் சாவது நிறமன்று. அந்த நிறத்தூளைச் சுவரோடு பிடித்து வைத்திருந்த பசை. பசை செத்த பிறகும் நிறம் கொஞ்சக் காலம் பழக்கத்தில் நிற்கும். ஒரு விரல் பட்டால், ஒரு வௌவாலின் சிறகு உரசினால் உதிர்ந்துவிடும்.

ஆகவே சுவரோவியத்தைக் காப்பது என்பது பெரும்பாலும் பசையைப் பற்றிய கவலை. எதைக் கொண்டு திரும்ப ஒட்டுவது, எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு காலத்துக்கு?

*

பழைய ஓவியர்கள் எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்பதற்குக் கண்டிய மரபைப் பொறுத்தவரை தெளிவான பதில் உண்டு. ஆனந்த குமாரசுவாமி கலைக்கு வருமுன் நிலவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர். கல்லையும் மண்ணையும் தேடி ஊரூராய்ப் போன மனிதர், அந்த மண்ணை அரைத்து நிறமாக்கும் கைகளையும் கண்டார். 1908இல் வெளிவந்த அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலில் ஓவியரின் சரக்கு முழுவதும் இருக்கிறது. வெள்ளைக்கு மக்குல் என்னும் வெண்களி, சிவப்புக்குச் சாதிலிங்கம், கறுப்புக்குப் புகைக்கரி. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த விளாம்பிசின், சிங்களத்தில் திவுல் லாட்டு. மரப் பொருள்களின் மேல் மினுக்கத்துக்குத் தொரண எண்ணெயும் ஹல் மரத்துக் குங்கிலியமும்.

விளா நமக்குப் புதிய மரமா? வளவுக்கு வளவு நிற்கிறது. பழத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள், பிசினைச் சீந்துவாரில்லை. மழை ஓய்ந்த பிறகு, பட்டையில் வெட்டு விழுந்த இடங்களில் செம்பழுப்பாக முத்து முத்தாய்த் திரண்டு நிற்கும். நகத்தால் நெம்பி எடுத்து, ஒட்டிய பட்டைத் துணுக்குகளைத் தட்டிவிட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டால் முதலில் உப்பும், பிறகு நெகிழும், காலையில் கலக்கினால் கரையும். மெல்லிய துணியில் வடித்தால் தேன் நிறத்தில் ஒரு நீர். விரலில் தொட்டால் முதலில் வழுக்கும். இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் நூலாக இழுபடும். உலர்ந்ததும் தோலைச் சற்றே சுண்டும். காவியை அந்த நீரில் குழைத்து, வெள்ளையடித்த ஓட்டுத் துண்டில் மெல்லிசாகத் தீட்டினால் காய்ந்தபின் தேய்த்தாலும் வராது. அதே பிசினைத் திக்காகக் கரைத்துத் தடிப்பாகப் பூசினால் காய்ந்ததும் நுணுக்கமாய் வெடிக்கும். வெடித்த சில்லின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும். சுருளும்போது அடியிலுள்ள வெள்ளையையும் பெயர்த்துக்கொண்டு எழும். பசையைப் பற்றி அறிய வேண்டியதில் பாதி அந்த ஓட்டுத் துண்டிலேயே இருக்கிறது: பிடிப்பது எதுவோ அதுவே பெயர்க்கவும் செய்யும். வித்தியாசம் அளவில் இருக்கிறது.

விளாவுக்கு இந்த வேலை மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வச்சிரலேபம் என்றொரு பசைக்குச் செய்முறை வருகிறது. முதிராத விளாங்காய், முதிராத தும்பிக்காய், இலவம்பூ முதலியவற்றை ஒரு பெரிய அளவு நீரில் இட்டு, எட்டில் ஒன்றாக வற்றும்வரை காய்ச்சி, குங்கிலியம், குக்கில் போன்ற பிசின்களின் தூளைச் சேர்க்க வேண்டும். கோயிலுக்கும் சுவருக்கும் படிமத்துக்கும் இதைச் சூடாகப் பூசினால் ஒரு கோடி ஆண்டு நிற்கும் என்று நூல் உறுதி சொல்கிறது. மிருகக் கொம்பும் தோலும் காய்ச்சிச் செய்யும் வகைகளும் அதே இடத்தில் உண்டு. தச்சர்கள் அண்மைக்காலம்வரை வச்சிரம் என்று உருக்கிப் பயன்படுத்திய தோற்பசை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கேரளத்தில் சிற்பரத்தினம் வேப்பம்பிசினைச் சொல்கிறது. கேரளக் கோயில் சுவரோவியங்களில் அது இன்றும் கையாளப்படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கதை வேறு. அங்கே கருவறையைச் சுற்றிய இருண்ட பாதையில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டார். சென்னை அருங்காட்சியகத்தின் இரசாயனவியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சாந்தைச் சோதித்து, சோழர்கள் ஈரச் சுண்ணாம்பின் மேலேயே எழுதினார்கள் என்றார். அந்த முறையில் பிசின் தேவையில்லை. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உள்வாங்கிக் கல்லாக இறுகும்போது நிறத்தையும் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும். சிகிரியாவில் எழுதியது ஈரத்திலா காய்ந்த பூச்சிலா என்ற வழக்கு நூறாண்டு பழையது. கண்டிய ஓவியத்தில் அந்த வழக்கே இல்லை. காய்ந்த வெண்களியின் மேல் பிசின் கலந்த நிறம். அதனால்தான் அது இவ்வளவு மென்மையாகவும், தண்ணீருக்கு இவ்வளவு பயந்தும் இருக்கிறது.

*

இயற்கைப் பசை என்றவுடன் நம் மனம் சாய்ந்துவிடுகிறது. மரத்தில் வடிந்தது, மாட்டில் கிடைத்தது, கடலில் விளைந்தது என்றால் தீங்கு செய்யாது என்றொரு நம்பிக்கை. அஜந்தா அந்த நம்பிக்கையை உடைக்கப் போதும்.

அஜந்தா அன்று ஹைதராபாத் நிசாமின் ஆளுகையில் இருந்தது. 1920இல் நிசாமின் அரசு இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனியையும் ஓர்சினியையும் வரவழைத்தது. அவர்கள் கழன்ற சாந்தைச் சாந்துக் கலவையால் நிறுத்தி, உதிரும் நிறத்தின் மேல் அரக்குக் கரைசலைப் பூசினார்கள். அரக்கு முழுக்க முழுக்க இயற்கையானது. பூச்சி மரக்கிளையில் சுரந்து கட்டுவது. பூசியபோது நிறங்கள் பளிச்சென்று எழுந்து நின்றன. ஆண்டுகள் போகப்போக அந்தப் படலம் மஞ்சளித்தது, பழுத்தது, தூசியையும் புகையையும் ஏற்றுக் கறுத்தது; முன்பு எளிதாகக் கரைந்த சாராயத்தில் கரைய மறுத்தது. பின்வந்த இந்தியத் தொல்லியல் துறையினர் பல பத்தாண்டுகள் அந்தப் படலத்தை அங்குலம் அங்குலமாக நீக்கிக்கொண்டிருந்தார்கள். செக்கோனி அலட்சியக்காரர் அல்லர். அன்றைக்கு அறிந்த நல்லதைத்தான் செய்தார். நல்லதை எடுக்க முடியாதபடி செய்ததுதான் தொல்லை.

அதன் பிறகு செயற்கைப் பசைகளின் காலம். பொலிவைனைல் அசற்றேற்று, பிறகு அக்ரிலிக். நிறமற்றவை, பூஞ்சை பிடிக்காதவை, பூச்சி தொடாதவை. இந்தியாவின் பல சுவரோவியங்கள் இந்த வினைல் படலத்தைப் போர்த்திக்கொண்டன. வெப்பத்தில் அது இளகித் தூசியைப் பிடித்தது. அதைவிடப் பெரிய கேடு, சுவரின் வாயை அடைத்தது. ஈரம் வெளியேற வழியில்லாமல் படலத்தின் பின்னால் தேங்கும். ஈரம் உலரும்போது உப்பு அங்கேயே, நிறத்துக்கு அடியில், படிகமாகும். வெளியே வந்திருந்தால் தூரிகையால் துடைத்திருக்கக்கூடிய உப்பு, உள்ளேயிருந்து ஓவியத்தை நெம்பித் தள்ளும். சீனத்தின் துன்ஹுவாங்கில், பாலைவனத்து மொகாவோ குகைகளில், முன்பு கையாண்ட வினைல் பசைகளின் அனுபவத்துக்குப் பிறகு, 1997இல் தொடங்கிய 85ஆம் குகைத் திட்டத்தில் உதிரும் நிறத்தை அமர்த்த ஜெலற்றினுக்குத் திரும்பினார்கள். எலும்பிலும் தோலிலும் இருந்து வடித்த பழைய சரக்கு அது.

இயற்கை, செயற்கை என்ற எல்லைக்கோட்டை இங்கே வைத்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது. அரக்கு இயற்கை, கெடுத்தது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பசை சுவரை மூச்சுவிட விடுமா? நிறத்தின் மங்கலான முகத்தை மாற்றாமல் இருக்குமா? நாளைக்கு ஒருவர் வேண்டாமென்று எடுக்க நினைத்தால் வந்துவிடுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, தான் பிடித்திருக்கும் பொருளைவிட அது பலவீனமானதா? கடைசிக் கேள்வி விசித்திரமாகப் படலாம். தையற்காரருக்கு அது விளங்கும்: துணியைவிட நூல் பலமாக இருந்தால், இழுபடும்போது கிழிவது துணிதான். நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம்.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றிலும் தேறும் பசை எதுவும் இல்லை. விளாம்பிசினும் வேலம்பிசினும் நீரில் கரையும், ஆகவே எடுப்பது எளிது. அதே காரணத்தால் கூரை ஒழுகிய இரவில் வழிந்தோடிவிடும், மாரி முழுக்கப் பூஞ்சைக்கு விருந்தாகும். கோதுமை மாப் பசை சாதுவானது, ஆனால் வெள்ளிமீன் பூச்சியும் கரப்பானும் அதைத் தேடி வரும். புத்தகம் கட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது அதனால்தான். பாலாடைப் புரதத்தைச் சுண்ணாம்போடு சேர்த்தால் கிடைக்கும் பசை இறுகினால் இறுகியதுதான், திரும்பாது. தோற்பசை காயும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தின் வலுவை நம்பியே ஒரு முறை இத்தாலியில் இருந்தது: ஓவியத்தின் மேல் துணியைத் தோற்பசையால் ஒட்டி, காய்ந்து இறுகியதும் துணியோடு ஓவியத்தின் தோலைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துவிடுவார்கள். ஒட்டவும் உரிக்கவும் ஒரே சரக்கு. குளிர்நாட்டில் அந்தப் பசை ஊற்றியதும் கூழாக உறைந்து நிற்கும். நம் வெயிலில் உறையாமல் வழியும். ஆகவே ஐரோப்பியக் கைநூலைப் பார்த்து இங்கே அப்படியே செய்யவும் முடியாது.

*

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் பசையின் குணம் இன்னும் விளங்கும். சுவரில் அரைவிரல் அகலத்துக்கு நிறம் செதிலாக எழுந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பசையைத் தொட்டு வைத்தால் தூரிகையோடு செதில் வந்துவிடும். ஆகவே முதலில் முசுக்கொட்டை நாரில் செய்த, ஊதினால் பறக்கும் யப்பானியத் தாள் ஒன்றை அதன் மேல் போர்த்துவார்கள். தாளின் ஊடாகச் சாராயமும் நீரும் கலந்த ஒரு சொட்டு. காய்ந்த சுவர் தண்ணீரை மணியாக உருட்டித் தள்ளும். சாராயம் கலந்தால் வழிவிட்டு உள்ளே இழுக்கும். அந்த ஈரம் போன வழியிலேயே நீர்த்த பசையைச் சிறு தூரிகையால் செதிலின் ஓரத்தில் வைத்தால் தானே பின்னால் ஓடிப் பரவும். பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். விறைத்த செதில் இளக நேரம் எடுக்கும். இளகும் முன் அழுத்தினால் நொறுங்கும். பசை காய்ந்தபின் அழுத்தினாலும் நொறுங்கும். நடுவில் உள்ள சில நிமிடங்களில், ஒட்டாத தாள் ஒன்றை வைத்துப் பஞ்சு உருண்டையால் மெல்ல ஒற்றிச் சுவரோடு அமர்த்த வேண்டும். மேலே கசிந்த மிச்சத்தை ஈரப் பஞ்சால் எடுத்து, தாளையும் நனைத்து உரிக்க வேண்டும். மிச்சம் தங்கினால் அந்த இடம் மட்டும் மினுங்கும். பார்க்கிறவர் கண் ஓவியத்தை விட்டுவிட்டு அந்த மினுக்கத்துக்குப் போகும். கையகல இடத்துக்கு ஒரு நாள் போய்விடும்.

இந்த வேலைக்கு இன்று உலகெங்கும் பேர் பெற்ற பசைகளில் ஒன்று கடலிலிருந்து வருகிறது. யப்பானின் பாறைக் கரைகளில் விளையும் ஒருவகைச் செம்பாசியைக் காய்ச்சி வடிப்பது, பெயர் புனோரி. துணிக்குக் கஞ்சி போட அவர்கள் பல காலம் வைத்திருந்த பொருள். பிடிமானம் குறைவு, மினுங்காது, நீரில் திரும்பக் கரையும். மங்கலான நிறங்களைப் பிடிக்க அதன் பலவீனமே தகுதி ஆயிற்று. சுவிற்சர்லாந்தில் அதைச் சுத்திகரித்துக் காப்பாளர்களுக்கென்றே தயாரித்தார்கள்.

பாசியென்றால் நமக்கும் ஓர் உரிமை உண்டு. மூதூரில் நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சியோடு கடல்பாசியும் வந்துவிடும். பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, உறைந்ததும் சாய்சதுரமாக வெட்டியது. அந்தப் பாசியும் செம்பாசிக் குடும்பம். ‘சிலோன் பாசி’ என்ற பெயரில் கிரேசிலேரியா வகை ஒன்று இந்தத் தீவின் களப்புகளிலும் ஆழமற்ற கடலிலும் சேகரிக்கப்பட்டு ஏற்றுமதியானது. இத்தாலியக் காப்பாளர்கள் இத்தகைய பாசியில் வடித்த அகார் கூழைச் சுவரில் வைக்கிறார்கள், ஒட்டுவதற்கல்ல, கழுவுவதற்கு. நீர் வழியாமல் கூழுக்குள் தங்கி, சுவரை மெல்ல நனைத்து, அழுக்கையும் உப்பையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். உரித்தால் தோலாக வந்துவிடும். தண்ணீருக்குப் பயந்த ஓவியத்தின் பக்கத்தில் தண்ணீரைக் கட்டுப்பாட்டோடு கொண்டுபோக இதைவிடப் பணிவான வழி அரிது.

விளாம்பிசின் வளவில் நிற்கிறது, பாசி கடையில் கிடைக்கிறது என்பதால் நாளைக்கே யாரும் ஒரு சுவரைத் தொட வேண்டாம். வளவில் எடுத்த பிசின் மரத்துக்கு மரம், மழைக்கு மழை மாறும். பிசினின் அமிலம், அதில் கலந்த சர்க்கரை, பூஞ்சைக்கு அது கொடுக்கும் இடம் எல்லாவற்றையும் பரிசோதனைச் சாலையில் அளந்து, மாதிரிச் சுவரில் சில மாரி விட்டுப் பார்த்த பிறகே ஓவியத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பழையது என்பது சோதிக்காமல் விடுவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல.

*

இவ்வளவையும் சொன்ன பிறகு, நம் கோயில்களில் உயிரோடு இருக்கும் ஒரு பசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அஷ்டபந்தனம். படிமத்தையும் பீடத்தையும் சேர்த்துக் கட்டும் மருந்து அது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுச் சரக்கு. தேன்மெழுகு காட்டுத் தேனீயினுடையது. மூதூர் கிழக்கின் கரையோர வேடர் குடும்பங்களுக்குத் தேன் எடுப்பது பரம்பரைத் தொழில். மருந்து இடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓர் ஆள் செய்யும் வேலையல்ல. கல்லில் இட்டு, மாறி மாறி ஆட்கள் இடிக்க வேண்டும். இடி விழ விழச் சூடேறும், சூடேற ஏற இளகும். முதலில் மாவாகச் சிதறும். பிறகு உருண்டு திரளும். கடைசியில் மெழுகுபோல் விரலுக்கு வளைந்து கொடுக்கும். அந்தப் பதத்தில் கயிறாகத் திரித்துப் படிமத்தின் அடியைச் சுற்றி அழுத்திச் சாத்துவார்கள். சில நாளில் கல்லாகும்.

கல்லானது எவ்வளவு காலம் நிற்கும்? பன்னிரண்டு ஆண்டு. அதற்குப் பிறகு மருந்து தளரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தெய்வத்தைப் பாலஸ்தாபனம் செய்து வெளியே எடுத்து, பழைய மருந்தைச் சுரண்டிவிட்டு, புதிதாக இடித்து, எண்ணெய்க்காப்புக்கு ஊர் முழுவதையும் வரிசையில் நிறுத்தி, கும்பாபிஷேகம். பொன்னை உருக்கிக் கட்டும் சுவர்ணபந்தனமும் சாத்திரத்தில் உண்டு. இன்னும் நெடுங்காலம் நிற்பது. ஆனாலும் ஊர்க் கோயில்கள் செய்வது அஷ்டபந்தனத்தைத்தான். செலவு ஒரு காரணம். வேறொரு நன்மையும் அதில் இருக்கிறது. பசை தளர்ந்தால்தான் ஊர் கூடும். மருந்து இடிக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், அவர் கையைப் பார்த்து அடுத்தவர் பழக வேண்டும். பன்னிரண்டு ஆண்டு என்பது மிகச் சரியான இடைவெளி: சென்ற முறை பையனாக நின்று பார்த்தவன் இந்த முறை உலக்கை பிடிப்பான், அடுத்த முறை பதம் சொல்வான்.

ஒரு கோடி ஆண்டு என்ற வச்சிரலேபத்தின் வாக்குறுதியையும் பன்னிரண்டு ஆண்டு என்ற அஷ்டபந்தனத்தின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரே நாகரிகத்தின் இரண்டு ஆசைகள். ஒன்று, ஒருமுறை ஒட்டிவிட்டு மறந்துவிடலாம் என்பது. மற்றது, மறக்க முடியாதபடி ஒட்டுவது. இருபதாம் நூற்றாண்டின் செயற்கைப் பசைகள் முதல் ஆசையின் பிள்ளைகள். செக்கோனியின் அரக்கும் அப்படியே. என்றென்றைக்கும் என்று பூசியவைதான் பின்வந்தவர்களுக்குப் பெரிய தண்டனையாயின. மாறாக, கெடுகிற பசையைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பவர், தனக்குப் பின் இன்னொருவர் வருவார் என்று நம்புகிறார். அவர் கைக்கு இடம் விட்டு வைக்கிறார்.

இதே கும்பாபிஷேகம் சுவரோவியத்துக்கு எமனாகவும் வரும். பழையதைச் சுரண்டு, புதிதாகத் தீட்டு என்பது அதன் பழக்கம். அடியில் இருப்பது எதுவென்று பாராமல் எனாமல் பெயின்ற் ஏறிவிடும். மூச்சடைத்த சுவர் அதற்குள்ளிருந்தே உப்பும். விகாரைகளிலும் புதுப்பித்தல் புண்ணியம்தான். தம்புள்ளையில் இன்று காண்பதில் பெரும்பகுதி கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், பழையதன் மேல் எழுதியது. மதுரை நாயக்கர் உறவில் வந்த அந்த அரசன் காலத்து ஓவியர்களுக்குப் பழைய கோடுகளைக் காப்பது கடமையல்ல. தெய்வத்தின் முகம் மங்காமல் இருப்பதே கடமை. அவர்களை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. தஞ்சையில் நாயக்கர் மேலே எழுதியது சோழர் ஓவியத்தைப் புகையிலிருந்தும் கையிலிருந்தும் காத்து வைத்தது என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் கையிலிருந்த பிசின் நிறத்துக்கும் இன்றைய எனாமலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது எடுக்க வந்தது. இது எடுக்க வராது. குமாரசுவாமி 1905இலேயே கண்டியத் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம் என்று அழிப்பதை நிறுத்தக் கேட்டார்.

என் விருப்பம் இவ்வளவுதான்: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பழக்கத்தை வைத்துக்கொள்வோம், திரும்பி வந்து தீட்டுவதற்குப் பதிலாகத் திரும்பி வந்து பார்ப்போம். எங்கே செதில் எழுந்திருக்கிறது, எங்கே கூரை ஒழுகியிருக்கிறது, எங்கே உப்பு பூத்திருக்கிறது? தளர்ந்த இடத்தில் மட்டும், தளரக்கூடிய பசை.

*

இதற்கு முதல் தேவை சுவருக்குப் பக்கத்தில் ஆட்கள். 1967 ஒக்ரோபர் 14இல் சிகிரியாவில் யாரோ ஏறிச் சில உருவங்களைக் கொத்திச் சிதைத்து, மற்றவற்றின் மேல் பச்சைப் பெயின்ற்றை வீசியடித்தார்கள். இத்தாலியிலிருந்து ஓவியக் காப்பாளர் லூசியானோ மரன்சி வந்தார். அப்போது தொல்லியல் ஆணையாளராக இருந்த ராஜா த சில்வா அடிப்படையில் இரசாயனவியலாளர். அந்த வேலையின் கனம் அவருக்குத் தெரியும். பெயின்ற்றை நீக்கினார்கள், உருவங்கள் மீண்டன, சில மீளவில்லை. அந்த நிகழ்வின் பாடமாக எல்லோரும் சொல்வது காவல். கம்பி, கதவு, காவலாளி. அவை வேண்டும்தான். ஆனால் ஒரு நாளில் வரும் கேட்டுக்குக் காவல் போதும். ஒவ்வொரு நாளும் வரும் கேட்டுக்குக் காவல் போதாது, கவனம் வேண்டும்.

கவனம் அறுந்தால் சுவர் என்ன ஆகும் என்பதற்கு மூதூர் கிழக்கு மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2006இல் போரினால் சம்பூரும் சுற்றியுள்ள ஊர்களும் வெறுமையாயின. காணிகள் 2015, 2016இல்தான் மீளக் கிடைத்தன. அத்தனை மாரியும் அத்தனை கச்சானும் ஆளில்லாத சுவர்களின் மேல் போயின. வெள்ளையடிக்க, ஓடு மாற்ற, விரிசலில் முளைத்த ஆலங்கன்றை இளசிலேயே பிடுங்கிப் போட ஒருவர் இல்லாத சுவர் எவ்வளவு விரைவாக மண்ணுக்குத் திரும்புகிறது என்பதைத் திரும்பி வந்தவர்கள் தங்கள் கண்ணால் கண்டார்கள். இயற்கைப் பசை நம்பியிருப்பது இந்தத் திரும்பி வருதலை. போர் முதலில் அறுத்ததும் அதைத்தான்.

ஆகவே விளாம்பிசின் சிறந்ததா அக்ரிலிக் சிறந்ததா என்ற விவாதம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. ஆளில்லாத இடத்தில் விளாம்பிசின் ஒரு மாரிக்குத் தாங்காது. அங்கே செயற்கைப் பசை சில காலம் கைகொடுக்கக்கூடும், பின்னால் அதன் விலையைக் கேட்கும். ஆள் இருக்கும் இடத்தில் விளாம்பிசினே போதும். ஓவியக் காப்புத் திட்டம் எதுவானாலும், பசையின் பெயரை எழுதும் வரிக்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: பன்னிரண்டு ஆண்டு கழித்து யார் வந்து பார்ப்பது, அவருக்கு யார் பழக்குவது, அவருடைய சம்பளம் எங்கிருந்து வருவது. அந்த வரியை நிரப்பாமல் கையெழுத்திடும் திட்டம், எந்தப் பசையைத் தேர்ந்தாலும், சுவரை அடுத்த ஆளில்லாத காலத்துக்குத்தான் ஒப்படைக்கிறது.